ஆற்றத் தெரியாதவன்

இரண்டாயிரத்து நான்கில் மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் காப்பிக் கடையில் நானும் அவனும் ஒன்றாக வேலை பார்த்தோம். பஸ் நிற்பதே ஐந்து நிமிடம். அதற்குள் ஆட்கள் குடித்து முடிக்கும்படி காப்பியைக் கை நீளத்துக்கு இழுத்து ஆற்றிக் கொடுக்க வேண்டும். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை. அவனுக்கு ஆற்றவே வராது. அவன் கொடுத்த காப்பியை வாய் சுட்டுப் பாதியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

"ஏலே, ஆளுவளுக்க வாயப் பொள்ள வைக்கவா நான் கடை போட்டிருக்கேன்?" என்று முதலாளி அவனைத் திட்டும்போது எனக்கு உள்ளூரக் குளிரும்.

பிறகு அவன் பெங்களூரில் ஒரு பெரிய காப்பிக் கம்பெனியில் சேர்ந்தான். மேனேஜர் ஆனான். பத்து வருடத்தில் அவர்களுடைய எல்லாக் கடைகளுக்கும் அவனே தலைவன். பத்திரிகையில் வந்த அவன் படத்தை என் மனைவி விரித்துக் காட்டினாள்.

"இது உங்க கூட நின்ன ஆளுதானே?"

"ஆமா. ஆத்தத் தெரியாத பய," என்றேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நாகர்கோவிலில் அவர்கள் கடை திறந்தபோது குறை கண்டுபிடிக்கவென்றே போனேன். காப்பி கொதிக்கக் கொதிக்க வந்தது. ஆற்றுவதற்கு இன்னொரு டம்ளர் கேட்டேன், இல்லை என்றார்கள். மெத்தை நாற்காலி, ஏசி. யாரும் எழும்பச் சொல்லவில்லை. அது ஆறுவதற்குள் ஒரு கேக் வாங்கினேன். பிறகு இன்னொரு காப்பி. சுற்றியிருந்தவர்களும் அப்படித்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

"காப்பி எப்பிடி இருந்து?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"சூடு கூடுதல்," என்றேன். ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்ததைச் சொல்லவில்லை.