இடுப்பளவுத் தண்ணீர்

நீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓட்டும் அவருக்கு 'லிட்டர்' என்றுதான் பெயர். மீட்டரைப் பார்த்தால் போதும். மேலே தொட்டியில் தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறதென்று எட்டிப் பார்க்காமலே சொல்லிவிடுவார். வட்டத் தொட்டி, குறுக்களவு நான்கு மீட்டர். பாதி இரண்டு. இரண்டை இரண்டால் பெருக்கி, அதை மூன்று புள்ளி ஒன்று நான்கால் பெருக்கினால் பன்னிரண்டரை. ஏறிய தண்ணீரை ஆயிரம் லிட்டர் கணக்கில் எடுத்து அதால் வகுத்தால் உயரம். இருபத்திரண்டு வருஷமாகப் பொய்க்காத கணக்கு. அந்தத் திமிரும் மனுஷனுக்குக் கொஞ்சம் உண்டு.

தொட்டிக்கு உள்பூச்சு அடிக்கும் வேலையை மனைவியின் தம்பிக்கு அவர்தான் வாங்கிக் கொடுத்தார். உள்ளே இறங்குகிறவன் சட்டையைக் கழற்றிக் கீழே வால்வுச் சக்கரத்தில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். சட்டை தொங்கினால் வால்வை யாரும் தொடக் கூடாது. அங்கே அது எழுதாத சட்டம். மைத்துனனோ மறதிக்கு மன்னன். வேலை முடிந்த பிறகும் இரண்டு தடவை சட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் பனியனோடு வீட்டுக்குப் போயிருக்கிறான்.

பூச்சு முடிந்து காய்ந்தும் விட்டது, தண்ணீர் ஏற்றலாம் என்று மேஸ்திரி சொன்ன அன்றும் சட்டை தொங்கியது. மறுபடியும் விட்டுவிட்டானே என்று திட்டிக்கொண்டே அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வால்வைத் திறந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து மனைவி போன் செய்தாள். "என்னங்க, தம்பி சாப்பிட்டானா? ஒரு இடம் விட்டுப்போச்சு, அதைப் பூசணும்னு விடியறதுக்குள்ள கிளம்பிட்டான்."

வால்வை மூடினார். மீட்டரில் பன்னிரண்டாயிரம் லிட்டர். படிகளில் ஓடினார். ஓடும்போதே மனசு பாட்டுக்குக் கணக்குப் போட்டது. பன்னிரண்டைப் பன்னிரண்டரையால் வகுத்தால் ஒரு மீட்டருக்கும் குறைவு. இடுப்பளவு. அவனோ இவரைவிட உயரம். தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைத் துடைத்தார். மேலே போனதும் அவனை என்ன சொல்லித் திட்டுவது என்றுகூட யோசித்து வைத்துக்கொண்டுதான் எழுந்தார்.

கணக்கு தப்பவில்லை. உள்ளே இறங்கியபோது தண்ணீர் அவர் இடுப்புக்குத்தான் வந்தது. ஆனால் மைத்துனன் நின்றுகொண்டிருக்கவில்லை. முகம் கவிழ்ந்து மிதந்தான்.

மூடிய தொட்டிக்குள் பூச்சின் நெடியில் மயங்கி விழுந்திருக்கிறான் என்றார் டாக்டர். உடம்பில் சூடு அடங்கவில்லை, ஐந்து நிமிஷம் முன்னால் தூக்கியிருந்தால் ஒருவேளை என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

சட்டையை எடுத்ததை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. தெரியாமல் செய்ததுதானே என்று எல்லோரும் தேற்றினார்கள். மனைவி அவர் தோளில் சாய்ந்து அழுது ஓய்ந்தாள்.

"தெரிஞ்சதும் எப்படிப் பதறி ஓடியிருப்பீங்கன்னு எனக்குத் தெரியுங்க."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். அவரால் முடியவில்லை.

"இல்லம்மா. பாதியில உட்கார்ந்துட்டேன்."

அவர் தோளிலிருந்து தலையை எடுத்துக்கொண்டாள்.