இடது கால்

செயற்கைக் குழந்தைகளுக்குக் கை, கால் பழுது பார்க்கிறவரை அந்தத் தெருவே ‘மூட்டு டாக்டர்’ என்றுதான் கூப்பிடும். இருமலுக்கு மருந்து கேட்டு வம்பிழுப்பவர்களும் உண்டு. அவரும் சளைக்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு வாயைத் திறக்கச் சொல்வார். எதையும் அரைகுறையாகச் செய்து கொடுத்தார் என்ற பேச்சு மட்டும் வந்ததில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

தையல்கடைக்காரி தன் மகளைக் கொண்டுவந்து விட்டபோது பழுது கண்ணில் இருந்தது. ஓர் இமை மூடவில்லை. பெற்ற பிள்ளை தங்காமல் போக, பிறகு வாங்கிய பிள்ளை அது. “பாத்துச் செய்ங்கண்ணே, அவளுக்குக் கண்ணு கூசுது” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கண் வேலை சீக்கிரமே முடிந்தது. நடக்கவிட்டுப் பார்த்தார். குழந்தை இடது காலை இழுத்து இழுத்து வைத்தது. முழங்கால் மூட்டு தேய்ந்து கிடந்தது. மனசு கேட்கவில்லை, யாரும் சொல்லாமலே புது மூட்டு போட்டார். பழையது அன்றே உருக்குப் பட்டறை வண்டியில் ஏறிவிட்டது.

மாலையில் வந்தவள் வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் காலடி கேட்டும் திரும்பவில்லை. குழந்தை கையைப் பிடித்த பிறகுதான் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

“வேற யாரோன்னு நெனச்சேன்.”

படியில் உருண்டு அடிபட்ட காலாம் அது. அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பதறி ஓடி, மடியில் போட்டுக்கொண்டு அழுதாளாம். தையல் மிஷின் ஓடும்போதுகூட அந்த இழுப்புச் சத்தத்தை வைத்தே பிள்ளை எந்த அறையில் இருக்கிறாள் என்று தெரியுமாம்.

“அன்னிக்கு வரைக்கும் அவ கடையில வாங்குன பொருள்தாண்ணே.”

டாக்டர் பழைய மூட்டு போன இடத்தைச் சொல்லிவிட்டு, புதியதைக் கழற்றி, பழையதைப் போலத் தேயும்வரை அரத்தால் ராவினார். மறுபடி மாட்டினார். குழந்தை இழுத்து நடந்தது. அவள் கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டாள். இன்னொரு தடவை நடக்கச் சொன்னாள்.

“நொண்டுற மாதிரி நடிக்குது” என்றாள்.

அவர் மறுபடியும் அரத்தை எடுக்கப் போனார். அவள் தடுத்தாள்.

“வேணாம்ணே. நல்ல மூட்டாவே போட்டுருங்க. அவளுக்கு எதுக்கு வலி.”

வலிக்காது என்று சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினார்.

கிளம்பும்போது அவள் குழந்தையைத் தரையில் விடவில்லை. கனக்கிற பிள்ளைதான், இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“நான் நடந்து வரேம்மா.”

“இன்னிக்கு வேணாம்டி.”