ஹோல்டில் ஒரு மவுத் ஆர்கன்

இடது காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வலது காதில் ரிசீவரை அழுத்தி, கண்ணை மூடியபடி ஒரு வயலினைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாதியிலேயே உதட்டைப் பிதுக்கி, "கொசு" என்கிறாள். அந்த வயலினின் கதை அதோடு முடிந்தது.

மேசையில் நல்ல ஸ்பீக்கர் இருக்கிறது. ஆனால் அதில் தேனாய் ஒழுகும் இசையெல்லாம் தொலைபேசிக்குள் நுழைந்ததும் சாயம் வெளுத்துவிடும் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். "துணியக் கடை வெளிச்சத்துல பாத்து வாங்கலாமா? தெருவுக்குக் கொண்டாந்து பாக்கணும்ல?" என்பாள்.

அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் தொலைபேசி வசதி செய்துதரும் நிறுவனத்தின் பின்னறைதான் அவள் ராஜ்ஜியம். அழைப்பவரைக் காத்திருக்கச் சொன்னதும் அவர் காதில் என்ன ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்பவள் அவள்தான். சக ஊழியர்களுக்கு அவள் 'ஹோல்டு மேடம்'.

பல் வைத்தியர் தாளம் கேட்டால் தரமாட்டாள். "அவங்களுக்கு ஏற்கெனவே விண்ணு விண்ணுன்னு தெறிச்சுக்கிட்டிருக்கும். நாம வேற மத்தளம் தட்டணுமா?" பார்சல் கம்பெனிக்குச் சோக இசை ஆகாது. "பார்சல் தொலைஞ்சே போச்சுன்னு முடிவு கட்டிருவாங்க." கட்டில் வியாபாரி ஒருவர் இசையே வேண்டாம், தன் விளம்பரத்தைப் போடு என்று ஒற்றைக் காலில் நின்றார். "கட்டில் ஒடஞ்சி விழுந்து இடுப்பப் பிடிச்சுக்கிட்டுக் கூப்பிடறவருகிட்ட, புதுக் கட்டில் வாங்குங்கன்னு பாடச் சொல்றீங்களா சார்?" என்றாள். மனிதர் சிரித்துவிட்டுப் புல்லாங்குழலுக்குச் சம்மதித்தார்.

இவ்வளவு கெட்டிக்காரிக்குச் சறுக்கியது சொந்த அக்காவின் கடையில்.

அக்காவும் அவள் கணவரும் தண்ணீர் மோட்டார்க் கடை நடத்தினார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் அவர் கல்லாவில் உட்கார்ந்து மவுத் ஆர்கன் வாசிப்பார். போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், எழவேயில்லை. அதன் பிறகு கடைக்குப் புதுத் தொலைபேசி பொருத்தியபோது, முன்பொரு நாள் அக்கா வீட்டு மாடியில் தான் பதிவு செய்துவைத்திருந்த அவர் வாசிப்பைத் தங்கை ஹோல்டில் போட்டுவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. மவுத் ஆர்கன் தொலைபேசியில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாது என்று தொழில் சொன்னது. அக்கா கேட்டால் உருகிப்போவாள் என்று பாசம் சொன்னது.

ஒரு நாள் காய்ச்சலில் படுத்திருந்த அக்கா, வீட்டிலிருந்து கடைக்குப் பேசினாள். "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்றார் கடையாள். அடுத்த நொடி, செத்துப்போன புருஷன் அவள் காதில் வாசிக்க ஆரம்பித்தார்.

காய்ச்சலோடு, தலைகூடச் சீவாமல், இந்தப் பின்னறை வாசலில் வந்து நின்றாள் அக்கா.

"என் புருஷன் என்னடி, மோட்டார் ரிப்பேருன்னு கூப்பிடறவனுக்கெல்லாம் பொழுதுபோக்கா?"

"இல்லக்கா... நீ சந்தோஷப்படுவேன்னு..."

"கடையாளு போன எடுத்தா அவரு பாதியில நிக்கிறாரு. வேற எவனோ கூப்பிட்டா மறுபடி வாசிக்கிறாரு. மறுபடி நிக்கிறாரு. இன்னும் எத்தன தடவடி சாகணும் அவரு?"

தங்கை அன்றைக்கே அதை எடுத்துவிட்டு, யாருடையது என்றே தெரியாத ஒரு புல்லாங்குழலை வைத்தாள். அக்கா பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

தங்கை விடவில்லை. தினமும் கடைக்கு அழைப்பாள். "அம்மா வேலையா இருக்காங்க, லைன்ல இருங்க" என்பார் கடையாள். புல்லாங்குழல் பாடும். அக்கா வரமாட்டாள். இணைப்பு தானாக அறுந்துபோகும்வரை இவள் ரிசீவரைக் கீழே வைப்பதில்லை.

"என்ன மேடம், நீங்க போட்ட பாட்டு எப்படி இருக்கு?" என்று கிண்டினார் லைன் மெக்கானிக்.

"நல்லாத்தான் போட்டிருக்கேன்" என்றாள். "எவ்ளோ நேரம் நின்னாலும் கோவமே வரமாட்டேங்குது."

இன்று வயலினைக் 'கொசு' என்று தள்ளிய கையோடு மணி அடித்தது. எடுத்தாள். நலம் விசாரிப்பு எதுவும் இல்லை.

"அதுல நடுவுல அவரு இருமுவாரே" என்றது அக்காவின் குரல்.

"ஆமாக்கா."

"முடிச்சிட்டு, 'போதுமா, இன்னும் வேணுமா'ன்னு என்னக் கேப்பாரு. நான்கூட ஏதோ திட்டுவேன். அன்னிக்கு போன்ல அதெல்லாம் வரலயே?"

வராதுதான். காத்திருப்பவர் காதில் ஓர் இருமல் விழுந்தால் போதும், ஆள் வந்துவிட்டதென்று "ஹலோ" என்பார். மூச்சு, இருமல், பேச்சு எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டுத்தான் எதையும் ஹோல்டில் ஏற்றுவாள் ஹோல்டு மேடம். மாமாவையும் அப்படித்தான் கத்தரித்திருந்தாள்.

"நான்தான்கா வெட்டினேன். தொழில் புத்தி."

"வெட்டினதத் தூக்கிப் போட்டுட்டியாடி?" கேட்ட குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

"அய்யோ, இல்லக்கா! முழுசு அப்படியே வச்சிருக்கேன். சாயங்காலம் கொண்டு வரட்டா?"

"சாயங்காலம் வா. சாப்பிட்டுப் போகலாம்." மூக்கை உறிஞ்சும் ஒலி. "இப்பப் போடு."

"போன்லயா? நல்லாக் கேக்காதுக்கா, ஸ்பீக்கர்ல..."

"போடுடி."

முழுப் பதிவைத் தேடி எடுத்தாள். ஸ்பீக்கரின் வாயருகே ரிசீவரைச் சாய்த்து வைத்தாள். மாடிக் காற்றின் இரைச்சல். எங்கோ ஒரு பாத்திரம் உருளும் சத்தம். பிறகு, வாசிக்கத் தொடங்குமுன் ஓர் ஆண் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

அவள் எழுந்தாள். உள்ளே வரப்போன மெக்கானிக்கை உதட்டில் விரல் வைத்துத் தடுத்து, தானும் வெளியே வந்து, சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள்.