கண்ணாடியில் தட்டும் மோதிரம்

சித்தியின் மோதிரம் எனக்கு முதலில் சத்தமாகத்தான் அறிமுகம். டக், டக், டக். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இருந்த மீன்தொட்டியை அந்த நெளி மோதிரத்தால் தட்டுவாள். அடுத்த நிமிடம் அதே மோதிரம் என் அறைக் கதவைத் தட்டும். "மீனும் வெளிய வராது, நீயும் வெளிய வரமாட்ட. என்ன வீடுலா இது!" என்பாள்.

அம்மா இறந்த பிறகு எனக்காக அப்பா வாங்கிவந்த மீன்கள் அவை. உடம்பில் கறுப்புக் கோடு ஓடும் சின்ன மீன்கள். தொட்டிக்குள் கிடந்த மரக்கட்டைக்குப் பின்னால் போனவை போனவைதான். வீடும் அப்படித்தான் கிடந்தது. துக்க வீடு என்று நிறுத்திய டிவியை அப்பா மறுபடி போடவே இல்லை. அந்த மௌனத்துக்குள்தான் அவர் இரண்டாம் கல்யாணம் செய்து சித்தியை அழைத்துவந்தார். அப்பப்பா, என்ன பெண் அவள்! உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். ஃபோனில் பேசினால் கீழ்மாடி வரை கேட்கும். அவள் குரல் கேட்டாலே எனக்கு எரிச்சல். அவள் வீட்டில் இருக்கும் வரை அறையைவிட்டு நகரமாட்டேன்.

ஒருநாள் கிள்ளானுக்குப் போய் ஒரு மீன்கடைக்காரரிடம் சண்டை பிடிக்காத குறையாகக் கேட்டுவிட்டு வந்தாள். அவர் சொன்னதை அப்பாவிடம், ஆனால் என் கதவுக்கு நேராக நின்றுகொண்டு ஒப்பித்தாள். "தட்டவே கூடாதாம். உத்துப் பாக்கவும் கூடாதாம். கூச்சமில்லாத நாலு மீன மேல ஓட விட்டா, அதப் பாத்து இதுங்களுக்கும் பயம் போயிடுமாம். வீடு ரொம்ப அமைதியா இருந்தாலும் ஆகாதாம், சின்ன சத்தம்கூட அதுங்களுக்கு இடி மாதிரி கேக்குமாம்." அன்றோடு மோதிரச் சத்தம் நின்றது. கண்ணாடியிலும் நின்றது, என் கதவிலும் நின்றது.

கூச்சமில்லாத மீனைக் கடையிலேயே வாங்கி வந்திருக்கலாம். அவளா வாங்குவாள்? வீட்டுக்குப் பின்னால் ஓடிய லோங்காங்கில், அதாவது பெரிய சாக்கடையில், கப்பி மீன்கள் கூட்டம் கூட்டமாகத் திரியும். மாவுச் சல்லடையோடு அதில் இறங்கிவிட்டாள். அங்கிருந்து என் ஜன்னலைப் பார்த்து ஒரே கத்தல். "ஏய், வாளி புடிக்க ஆளு இல்லடி! மீனு நழுவுது!" எல்லா வீட்டு ஜன்னலும் திறந்தது. மேல்மாடி ஆன்டி வேறு, "யாரலா கூப்பிடுற?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். மானம் போகிறதே என்று செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். சித்தி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாளியை நீட்டி, "நேரா புடி" என்றாள். பிடித்தேன்.

சாக்கடை மீன், நோய் இருக்கும் என்று பல வாரம் அவற்றைத் தனி வாளியில் வைத்துக் கவனித்தாள். அவள் பொறுமையாக இருந்து நான் பார்த்த ஒரே காரியம் அதுதான். பிறகு தொட்டியில் விட்டோம். கப்பிகள் வெட்கமே இல்லாமல் மேலே ஆட்டம் போட்டன. நானும் அவளும் தரையில் உட்கார்ந்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், மரக்கட்டை ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. இரண்டு பேருமே நிமிரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நெத்திலியைக் கிள்ளினோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த வருடம் அப்பா போய்விட்டார். அவரோடு பின்னாளில் குடிபோன கிள்ளான் வீட்டில் தனியாகிவிட்ட சித்தியை, தொட்டியும் மீனுமாக, செமினியில் இருக்கும் என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வந்தவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வைத்த சோறு வைத்தபடி திரும்பி வரும். மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றியிருந்தாள். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இவளையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயம். கூடத்துக்கும் அவள் அறைக்குமாக நடந்தேன். கதவைத் தட்டித் தட்டி, "சித்தி, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றேன். "நொய் நொய்னு தட்டாதலா, விடு" என்று கணவர் அலுத்துக்கொண்டார். கருமாதி முடிந்தும் டிவி போடவில்லை, பிள்ளைகளை வாய் திறக்க விடவில்லை. கூடத்துத் தொட்டியில் ஒரு மீன்கூடக் கண்ணில் படவில்லை. அதைப் பார்த்ததும்தான் உறைத்தது. அடக் கடவுளே, அப்பா வைத்திருந்த அதே வீட்டை அல்லவா நானும் வைத்திருக்கிறேன்!

சனிக்கிழமை காலை டிவியைப் போட்டேன். என் இரண்டு பெண்களிடமும், "இன்னிக்கு எவ்வளவு வேணும்னாலும் கத்துங்க" என்றேன். நம்பாமல் பார்த்தார்கள். பிறகு கூடத்தில் பந்து பறந்தது. ஏதோ விழுந்து உடைந்தது. சின்னவள் கரண்டியால் தொட்டியைப் போட்டுத் தட்ட ஆரம்பித்தாள். நான் அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு, குழம்பைக் கிண்டியபடி காத்திருந்தேன்.

கதவு திறந்தது. "யாருடி அது கண்ணாடிய தட்டுறது? மீனுக்கு பயம் வராது? கரண்டிய கொண்டா இங்க!"

எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு! ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. நான் திரும்பவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே, "சித்தி, தோசை ஊத்தவா?" என்று கேட்டேன். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்கவில்லை என்று சித்தி நினைத்தாளோ என்னவோ, தொட்டிப் பக்கமிருந்து கேட்டது.

டக், டக், டக்.

நான் தோசைக்கல்லை அடுப்பில் போட்டேன்.