இசிவு என்று எழுதியிருந்தது

சாம்பிராணிப் புகையும் எண்ணூர் ஆலைகள் பக்கமிருந்து வரும் புளித்த நெடியும் சேர்ந்து மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் வராது. தொண்ணூறுகளின் கடைசியில், திருவொற்றியூரில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், அக்கா பிள்ளை பெற்றுப் படுத்திருந்த நாட்களின் வாடை அது. "இரும்பு இருந்தா காத்து கருப்பு அண்டாது" என்று தாத்தா பட்டறையில் அடித்த பழைய கத்தியைக் குழந்தையின் தலைமாட்டில் வைத்திருந்தார்கள். தாத்தாவின் மூத்த பிள்ளைகளுக்கெல்லாம் தொப்புள்கொடி அறுத்த கத்தி என்று அதற்கு வீட்டில் தனி மரியாதை.

அந்த வாரம் பார்த்துத்தான், தாத்தாவின் மனைக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்க அலைந்துகொண்டிருந்த அப்பா பழைய இறப்புப் பதிவுகளின் நகல்களைக் கொண்டுவந்து வைத்தார். கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிற வயது எனக்கு. மூன்று தாள்களில் ஒரே மாதிரி இருந்தது: ஆண் சிசு, பிறந்து ஒரு வாரம், காரணம் 'இசிவு'. அப்படியென்றால் என்னவென்று அப்பாவைக் கேட்டதற்கு வாயை மூடு என்றார். வாசற்படியோடு நின்றுவிடும் அத்தையைக் கேட்டேன். அவள் அப்பாவின் அக்கா, வீட்டுக்கு மூத்தவள். அவளுக்குப் பின், அப்பாவுக்கு முன் பிறந்த மூன்று தம்பிகளும் அடுத்தடுத்துப் போய்விட, தெருவே அவளைத் "தம்பிமுழுங்கி" என்றது. கல்யாணமும் கூடிவரவில்லை. பச்சைக் குழந்தை எதையும் அவள் தொட்டதில்லை.

"வாய் இறுகிக்கும். பால் குடிக்காது. அப்பால ஒடம்பு வில்லாட்டம் வளைஞ்சிக்கும்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பள்ளிக்கூடம் விட்டதும் ஓடிவந்து குழந்தையின் வாயைத்தான் பார்ப்பேன். அது கொட்டாவி விட்டால்தான் எனக்கு உயிர் வரும்.

ஒரு மத்தியானம் குழந்தை பால் குடிக்கவில்லை. மார்பில் வாய் வைப்பதும் வீறிட்டு விலகுவதுமாக இருந்தது. அக்கா அழ, அப்பா சாம்பிராணியை இன்னும் அள்ளிப் போட, அத்தை வாசலிலிருந்தும் இறங்கித் தெருவில் போய் நின்றுகொண்டாள். நான் அந்தத் தாள்களையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு நகராட்சி நர்சம்மாவிடம் ஓடினேன்.

அவர் வந்து முதலில் புகைச்சட்டியை வெளியே தூக்கி வைத்தார். குழந்தைக்கு மூக்கு அடைத்திருந்தது. ஈரத்துணியைத் திரியாக்கித் துடைத்துவிட்டதும் அது பாலைப் பிடித்துக்கொண்டது. பிறகுதான் தாள்களைப் படித்தார்.

"அழுக்குக் கத்தில கொடி அறுத்தா வர்ற டெட்டனஸ் நோவு இது. அப்ப ஊசி கெடியாது. உங்க பொண்ணுக்கு மாசமா இருக்க சொல்லவே போட்டாச்சி," என்றவர், அந்தப் பிள்ளைகளுக்கு எதால் அறுத்தார்கள் என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் பிறந்ததால் பிழைத்த அப்பா, தலைமாட்டுக் கத்தியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் இல்லியா?" என்று தெருவிலிருந்தே அத்தை கேட்டாள்.

"நீ இல்லக்கா," என்றார் அப்பா. அப்பா அழுது நான் பார்த்தது அன்றுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்தான் அவள் கையில் கொடுத்தார்.

அந்த வீடு இப்போது இல்லை, சாலையை அகலப்படுத்தியதில் போய்விட்டது. 'இசிவு' என்றால் இன்று பிள்ளை பெறுகிற பெண்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அந்த மத்தியானத்துக்குப் பின், அவள் இருந்தவரை, எங்கள் குடும்பத்தில் பிறந்த அத்தனை பிள்ளைகளையும் முதலில் அவள் மடியில்தான் போட்டோம். ஒவ்வொரு முறையும் கையை நீட்டிவிட்டு, எங்கள் முகத்தை ஒருதரம் பார்த்து, "நான் தூக்கலாமில்ல?" என்று கேட்பாள். கடைசிவரை கேட்டாள்.