பிரஸ் ஷாப் ரசிகர்கள்

ஒரு ராக் பேண்டின் பின்னாலேயே ஊர் ஊராகப் போவதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, வார லீவு கிடையாது, வீட்டில் மரியாதை சுத்தமாகக் கிடையாது. உங்களில் யாராவது இந்தப் பிழைப்பு பிழைத்திருந்தால் நான் ஏன் இப்படிப் புலம்புகிறேன் என்று புரியும். எனக்கு ஊர் விருதுநகர்ப் பக்கம். ஓசூரில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தகட்டை வைத்தால் மெஷின் டமார் டமாரென்று அடித்து வளைத்துக் கொடுக்கும். பக்கத்து மெஷினில் மாதேஷ், ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கும் தளிக்காரன், கான்ட்ராக்ட் ஆள். இரண்டு பேருக்கும் ஒரே பேண்டின் மேல் பைத்தியம். பெங்களூருப் பையன்கள் நாலு பேர், அத்தனையும் இங்கிலீஷ் பாட்டு. வார்த்தை பாதி புரியாது. வார்த்தை யாருக்கு வேண்டும்?

லீவுக்குக் காரணம்

எங்கள் கம்பெனியில் சாவு, கல்யாணம், சாமி என்றால்தான் லீவு. பாட்டுக் கேட்கப் போகிறேன் என்றால் சிரித்துவிட்டு ஓவர்டைம் போட்டுவிடுவார்கள். சொந்தத்தில் எத்தனை பேரைத்தான் சாகடிப்பது? மாதேஷ் குலதெய்வத்தைப் பிடித்துக்கொண்டான். கொச்சியில் கச்சேரி என்றாலும் குலதெய்வம், சென்னையில் என்றாலும் குலதெய்வம். நானும் அதே சாமிதான் என்று சொல்லிவிட்டேன். விருதுநகர்க்காரனுக்கும் தளிக்காரனுக்கும் ஒரே சாமி எப்படி வந்தது என்று எவனும் கேட்கவில்லை.

ஹைதராபாத் கச்சேரிக்கு லீவு கேட்டு நின்றபோது சூப்பர்வைசர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். கோலார்க்காரர், ஆனால் தமிழ் நன்றாகவே பேசுவார். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஊர் ஊரா டூர் போற குலதெய்வம் உங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான்யா இருக்கு."

சேஃப்டி ஷூ

மேடைக்கு முன்னால் நிற்கிறவன் தன் காலை மறந்துவிட வேண்டும். குதிக்கிறவர்கள் எல்லாம் அதன் மேல்தான் குதிப்பார்கள். மாதேஷ் இதற்கு வழி கண்டுபிடித்தான். ஹைதராபாத்துக்குக் கம்பெனி சேஃப்டி ஷூவையே மாட்டிக்கொண்டு வந்தான். விரலுக்கு மேல் இரும்பு வைத்தது, கல்லே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. கேட்டில் மெட்டல் டிடெக்டர் கூச்சல் போட்டது. காவலுக்கு நின்றவர் தெலுங்கில் திட்டிக்கொண்டே ஷூவைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொன்னார். இவன் சாக்ஸோடு உள்ளே போனான்.

அன்றைக்குப் பார்த்து மழை. சேற்றில் மிதிபட்டுக் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. வெளியே வந்தால் ஷூவையும் காணோம். ஷூ இல்லாமல் லைனில் நிற்க விடமாட்டார்கள். நொண்டிக்கொண்டே கம்பெனி ஸ்டோருக்குப் போய், கோயில் வாசலில் தொலைந்துபோச்சு என்றான். ஸ்டோர்க்காரர் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்: "கோயில்ல செருப்பு காணாமப் போவும், கேள்விப்பட்டிருக்கேன். சேஃப்டி ஷூவுமா போவும்?"

மத்திகிரி வீடு

சிரிப்பதெல்லாம் இத்தோடு சரி. மாதேஷின் அப்பா தளியில் இன்னமும் அடுத்தவர் தோட்டத்தில் முட்டைக்கோஸ் வெட்டுகிறார். இடுப்பு போய்விட்டது, குனிந்தால் நிமிர முடியாது. பர்மனென்ட் ஆனதும் அவரை அழைத்து வந்து ஓசூரை ஒட்டின மத்திகிரியில் தான் இருக்கும் வாடகை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று இவனுக்குப் பிடிவாதம். ஆறு வருஷமாகக் கான்ட்ராக்டில் கிடந்தது அதற்காகத்தான். இந்தத் தடவை பட்டியலில் பெயர் வந்துவிட்டது. மெடிக்கல் டெஸ்ட் மட்டும்தான் பாக்கி.

சேதி கேட்டு அவன் வீட்டுக்குப் போனேன். டிவி தெருமுனை வரைக்கும் கேட்டது. அவன் மனைவி கவிதா டீயை வைத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்தாள். "கச்சேரிக்குப் போய் வந்தா ரெண்டு நாளைக்கு நான் கூப்புடறதே இவருக்குக் கேக்காதுணா. மத்த நாளு கேட்டும் கேக்காத மாதிரி இருப்பாரு, அவ்ளோதான் வித்தியாசம்."

பட்டினிக் கச்சேரி

அந்த பேண்ட் பிரியப்போகிறது, கடைசிக் கச்சேரி பெங்களூரில் என்று அறிவித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மெடிக்கல் டெஸ்ட் திங்கட்கிழமை காலை. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று ஹெச்.ஆரில் சொல்லியிருந்தார்கள். மாதேஷ் அதில் ரொம்பக் கண்டிப்பு. சர்க்கரை ஏறிவிடும் என்று ஜூஸ் குடிக்கவில்லை, பிரஷர் ஏறிவிடும் என்று காபி குடிக்கவில்லை. சுற்றிலும் பர்கர் வாசனை, இவன் தண்ணீர் பாட்டிலோடு நின்றான். ரத்தத்துக்கு அத்தனை பத்தியம் இருந்தான். காதையும் சோதிப்பார்கள் என்று அவனும் நினைக்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஐயோ, என்ன கச்சேரி அது! விளக்கெல்லாம் அணைந்து முதல் டிரம் அடி விழுந்தபோது அத்தனை பெரிய அரங்கமும் ஒரே குரலாகக் கத்தியது. ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே இடம் கிடைத்தது எங்கள் பாக்கியம் என்று நினைத்தோம். மாதேஷ் அழுதுகொண்டே பாடினான், வார்த்தை எல்லாம் தப்பு. பக்கத்தில் நின்ற ஒரு பெண் காதில் வைக்கும் பஞ்சு பிளக் இரண்டு ஜோடி நீட்டினாள். அவன் சிரித்துவிட்டான்: "ஷிஃப்ட் பூரா இதை வெச்சுக்கினுதான்மா சோறு திங்கறோம். பாட்டுக்குமா வெக்கணும்?"

கண்ணாடி அறை

காலையில் ரத்தம், சர்க்கரை, பிரஷர் எல்லாம் சுத்தம். கடைசியில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்து என்றார்கள். உட்கார்ந்தான், உட்கார்ந்தான், பட்டனைத் தொடவே இல்லை. டெஸ்ட் முடிந்தது தெரியாமல் அப்படியே இருந்தவனைக் கண்ணாடியைத் தட்டி எழுப்பியிருக்கிறார்கள். நேற்று எங்கே இருந்தாய் என்று டாக்டர் கேட்டார். இந்த மடையன், உலகத்திலேயே பெரிய சந்தோஷம் அது என்கிற மாதிரி, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

டாக்டர் நல்லவர். பத்து நாள் கழித்து மறுபடி சோதித்தார். கச்சேரியில் அடைத்தது திறந்துவிட்டது, மிச்சம் திறக்காது, அது பஞ்சு பிளக்கையும் மீறி வருஷக்கணக்காக மெஷினில் போனது என்று அவன் முகத்துக்கு நேராகவே சொன்னார். நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டு ஹெச்.ஆருக்கு ஓடினோம். மெஷினில் போன காதுக்குக் கம்பெனிதானே பதில் சொல்ல வேண்டும் என்று நான் கேட்டேன். அங்கே இருந்தவர் கோபப்படவே இல்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மாதேஷுக்குக் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "மெஷின் மேல எப்படிப்பா பழி போடறது? நீயே கச்சேரிக்குப் போனேன்னு சொல்லிட்டியே."

பர்மனென்டும் போச்சு, கான்ட்ராக்டும் போச்சு. இப்போது தளித் தோட்டத்தில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து கோஸ் வெட்டுகிறார்கள். ஆறு வருஷமாக பிரஸ் மெஷின் தின்ற காதுக்கான பழி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கிடார் வாசித்தவன் தலையில் விழுந்தது. பாவம், அது அவனுக்குத் தெரியக்கூடத் தெரியாது.