ஐந்து குதிரைவலு

சென்ற சனிக்கிழமை ஒரு மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தின் கூட்டத்தில் அமர்ந்திருந்தேன். உங்களுள் சிலர் இப்போதே பக்கத்தைப் புரட்டத் தொடங்கியிருப்பீர்கள். சற்றுப் பொறுங்கள்... இதில் மிளகாய் இருக்கிறது.

இத்தாலிய நகரான பலேர்மோவிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம் ஏறினால் வரும் மலையூர் அது. அவ்வூருக்கு மின்சாரம் வழங்குவது அரசுமன்று, பெருநிறுவனமுமன்று. ஊரவரே பங்கு சேர்த்து நிறுவிய சங்கம். கம்பமும் அவர்களுடையது, கம்பியும் அவர்களுடையது. விளக்கு அணைந்தால் திட்டுவதற்கும் வேறு ஆள் இல்லை.

எனக்கு அங்கே என்ன வேலை? மரியநாயகமும் அவர் மனைவி பிலோமினாவும் அழைத்துச் சென்றார்கள்.

இருவரும் நம் ஊர்த் தீவுப்பகுதியிலிருந்து வந்த கத்தோலிக்கர். பலேர்மோவின் பழைய பகுதியான அல்பெர்கேரியாவில், மூன்றாம் மாடியில் ஓர் அறையும் சமையற்கட்டுமாகக் குடியிருக்கிறார்கள். பிலோமினா ஒன்பது ஆண்டுகளாக வசதியானவர்கள் வாழும் லிபெர்த்தாவில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது இத்தாலிய அம்மையாரின், வீட்டில் பணிபுரிபவர். மற்ற நேரமெல்லாம் மிளகாயும் மல்லியும் வறுத்துத் தூள் திரிப்பவர். அவருடைய கறித்தூள் இல்லாத நம்மவர் வீடு எதையும் நானறியேன்.

ஆனால் திரிக்க வேண்டுமே! சிறிய இயந்திரத்தைப் போட்டால் துணி தோய்க்கும் இயந்திரத்தை நிறுத்த வேண்டும். மறந்தால் மின்மானியின் ஆளி 'டக்' என்று விழுந்து வீடே இருண்டுவிடும். பழைய ஆலையொன்றிலிருந்து வாங்கிய பெரிய இயந்திரம் ஒன்றும் உண்டு. வீட்டு மின்சாரத்துக்கு அது அசையாது என்பதால், பகுதி பகுதியாகக் கழற்றிக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. கீழ்வீட்டாரின் தும்மலை இரண்டு ஆண்டுகள் பொறுத்த வீட்டுக்காரர் இப்போது சொல்லிவிட்டார் – மாத முடிவுக்குள் இயந்திரம் போகவேண்டும், அல்லது நீங்கள் போகவேண்டும்.

நகரின் ஓரத்தில், பிரான்காச்சோவில் ஒரு கொட்டகை கிடைத்தது. மும்முனை மின்சாரத்துக்கு விண்ணப்பித்தார்கள். பதிலைக் காணோம். மாதத்தில் பதினொரு நாட்களே மீதி.

அப்போதுதான் சிஞ்ஞோராவின் அண்ணன் – அந்த மலையூர்ச் சங்கத்தின் செயலாளர் – எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள் என்று சொல்லியனுப்பினார்.

"ஐயா, நீங்கள் ஊரிலை சங்கத்திலை கிளாக்காய் இருந்தனீங்கள்தானே. ஒருக்கா எங்களோடை வாங்கோவன்" என்றார் பிலோமினா. நான் இருந்த சங்கம் சீனியும் மண்ணெண்ணெயும் பங்கிட்ட சங்கம். இருந்தாலும் போனேன்.

செயலாளர் தம்முடைய சிறிய காரின் முன்மூடியில் ஒரு வரைபடத்தை விரித்தார். ஊர் முழுவதும் கோடுகள் – சில தடித்தவை, சில மெலிந்தவை. பிரதான வீதியோரம் ஒரு கொட்டகையைக் காட்டினார். அகன்ற முற்றம், புதிய கூரை. மரியநாயகத்தின் முகம் மலர்ந்தது. செயலாளரோ தலையசைத்தார்: "இது எங்கள் கம்பியின் கடைசி நுனி. மாலையில் ஊரார் விளக்குப் போட்டதும் உங்கள் இயந்திரம் முனகத் தொடங்கும்."

அடுத்து, மூடப்பட்ட ஒலிவ எண்ணெய் ஆலையின் பின்கட்டடம். வாசலில் இடுப்பளவு காஞ்சோன்றி. சுவரில் எண்ணெய்க் கறை. ஆனால் பக்கத்திலேயே ஆலைக்கென்று நிறுவிய மின்மாற்றி நின்றது. "கட்டடத்தைப் பார்க்காதீர்கள், கம்பியைப் பாருங்கள்" என்றார்.

எத்தகைய அறிவுரை! தொழிலுக்கு இடம் தேடும் நம்மவர் முதலில் எதைப் பார்க்கிறோம்? பெயர்ப்பலகையை எங்கே மாட்டலாம் என்றுதானே?

பிற்பகலில் கூட்டம். உறுப்பினர் பன்னிருவர் வந்திருந்தனர். ஆளுக்கொரு வாக்கு. தலைவர் பாற்கட்டி செய்பவர். அவர் கேட்டதைப் பிலோமினா தமிழில் சொன்னார்.

"மெஷின் எத்தனை குதிரைவலு, எவ்வளவு நேரம் ஓடும் எண்டு கேக்கிறார்."

மரியநாயகம் குரலைத் தாழ்த்தினார். "அரைக் குதிரை எண்டு சொல்லும். நாளைக்கு ரெண்டு மணித்தியாலம். சத்தமே கேளாது எண்டும் சொல்லும்."

"இஞ்சாருங்கோ, அப்ப கட்டிலுக்குக் கீழை கிடக்கிறது என்ன?"

"முதல்லை உள்ளுக்கை போவம். கெஸ்தூராவிலை கனக்கக் கதைச்சு என்ன நடந்தது எண்டு உமக்குத் தெரியும்தானே?"

அவரை நான் குறைசொல்லேன். கெஸ்தூரா என்னும் அந்தக் காவல் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்காக வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் இந்தப் பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் குறைத்துச் சொல்வது. வீட்டில் எத்தனை பேர்? கொஞ்சப் பேர்தான். பெட்டியில் என்ன? ஒன்றுமில்லை. சிறியவராய்த் தோன்றினால் விட்டுவிடுவார்கள் என்று உடம்பே நம்பத் தொடங்கிவிடுகிறது.

பிலோமினா கணவர் சொன்னதைச் சொன்னபடியே மொழிபெயர்த்தார். அரை, இரண்டு, சத்தமில்லை.

தலைவர் பேனாவை மூடினார். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். செயலாளர் தம் சப்பாத்தைப் பார்த்தார்.

பிறகு தலைவர் பரிவோடு விளக்கினார். ஆலை மூடியபின் அந்த மின்மாற்றி சும்மா நிற்கிறது. பராமரிப்புச் செலவோ நிற்பதில்லை. வேலையில்லாமல் ஊர்ப் பிள்ளைகள் வடக்கே போய்விடுகிறார்கள். பகல் முழுவதும் மின்சாரம் உண்ணும் ஒரு தொழில் வந்தால் எல்லாருடைய பளுவும் குறையும். அரைக் குதிரைக்காக அதைத் திறக்க இயலாது. மன்னிக்க வேண்டும்.

அவர்கள் தேடிக்கொண்டிருந்தது ஒரு பெருந்தீனிக்காரனை! நாங்களோ விரதம் இருப்பவர்களைப் போல் போய் நின்றோம்.

பிலோமினா எழுந்தார். இம்முறை கணவரைக் கேட்கவில்லை. சிஞ்ஞோராவின் சமையலறையில் கற்ற இத்தாலியத்தில், எனக்கே விளங்குமளவு நிதானமாகச் சொன்னார். ஐந்து குதிரைவலு. அதோடு வறுக்கும் உருளை ஒன்று. காலையிலிருந்து மாலை வரை, கிழமைக்கு ஆறு நாள். தூள் பொதிசெய்ய இந்த ஊரிலிருந்தே இரண்டு பெண்கள் வேண்டும்.

மரியநாயகம் என் முழங்கையைப் பற்றினார். "ஐயா, இவ என்ன சொல்லிப்போட்டா?"

"உண்மையை" என்றேன்.

தலைவரின் பேனா மீண்டும் திறந்தது. "அப்படியானால் முதலில் சொன்ன அரைக் குதிரை?"

"அது என் கணவருடைய குதிரை. இது என்னுடையது."

மண்டபம் சிரித்தது. பின்வரிசை மூதாட்டி ஒருவர் கேட்டார், "மிளகாய் வறுத்தால் ஊரெல்லாம் மணக்குமாமே?"

"மத்தியானத்தில், உங்கள் கணவன்மார் உறங்கும் நேரத்தில் வறுக்கமாட்டேன், சிஞ்ஞோரா."

"அப்போதுதான் வறுக்க வேண்டும் பெண்ணே. எழும்பட்டும்."

வாக்கெடுப்பில் பதினொரு கைகள் உயர்ந்தன. பன்னிரண்டாமவர் உறங்கிக்கொண்டிருந்தார். அம்மூதாட்டியின் கணவராக இருக்கலாம்.

ஆலையின் பின்கட்டடத்தில் தொழில் நடத்த அனுமதி கேட்டு நகரசபைக்குரிய கடிதத்தைச் செயலாளர் அங்கேயே எழுதத் தொடங்கினார். தூள் மூட்டைகள் பலேர்மோவுக்கு இறங்கத் தம் பாற்கட்டி வண்டியில் இடமுண்டு என்றார் தலைவர். புதன்கிழமை இயந்திரத்தை ஏற்றிவரலாம்.

எத்தனையோ கூட்டங்களில் குறிப்பெழுதியவன் நான். இப்படியொரு பெருமிதத்தோடு எந்தக் கூட்டத்திலும் நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை. நம் பெண்ணொருத்தி... ஒன்பது ஆண்டுகள் இந்த நாட்டவரின் வீட்டில் வேலைசெய்தவர், அன்று இந்த நாட்டவருக்கு வேலை தருவதாகச் சொன்னார். அதுவும் குரலை உயர்த்தாமல், கெஞ்சாமல், கணக்காக.

உறுப்பினர் படிவத்தைக் கொண்டுவந்தார்கள். இப்போதைய தேவை என்ற இடத்தில் பிலோமினா 'ஐந்து' என்று எழுதினார். அடுத்த வரியில் இன்னொரு கேள்வி: ஐந்து ஆண்டுகளின் பின் எவ்வளவு தேவைப்படும்? எவ்வளவு தடித்த கம்பி இழுப்பதென்று தீர்மானிக்கச் சங்கம் எல்லாரையும் கேட்பதாம்.

பிலோமினா பேனாவைக் கணவரிடம் நீட்டினார். "இதை நீங்கள் எழுதுங்கோ."

மரியநாயகம் மனைவியைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். நெடுநேரம் யோசித்துப் 'பத்து' என்று எழுதினார்.

"போதுமே?" என்று மனைவியிடம் மெல்லக் கேட்டார்.

"ஓம், இப்போதைக்குப் போதும்."

என்னைக் கேட்டால், பத்தும் போதாது.